வெள்ளோட்டமும் சுமையும்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பது தமிழ் வழக்கு. அச்சு பொருந்தியிருக்கிறதா, சக்கரங்கள் ஒத்து உருள்கின்றனவா, வீதி முனையில் தேர் தடையின்றித் திரும்புகிறதா என்பவற்றைத் தச்சரும் ஊராரும் அப்பொழுது கண்டறிவர். அந்த ஓட்டத்தின்போது தேரில் இறைவன் திருமேனி எழுந்தருளுவதில்லை. வெறுந்தேர் ஓடிக் காட்டிய பின்னரே திருமேனியைத் தாங்கும் உரிமை அதற்குக் கிட்டுகிறது. ஆகவே வெள்ளோட்டம் என்பது சுமையில்லாத ஓட்டம். தேர் எதற்காகச் செய்யப்பட்டதோ அது இன்னும் தேரில் ஏறவில்லை என்பதை அறிந்துகொண்டே நடத்தப்படும் சோதனை அது.

மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புவோர் விற்பனைக் கடையிலிருந்து வண்டியை எடுத்துச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்ப்பதும் வெள்ளோட்டமே. வாகன இதழ்களின் ஆய்வாளர்கள் புதிய வண்டியைச் சில நாள் ஓட்டி, கண்டதை எழுதி வெளியிடுவதும் வெள்ளோட்டமே. இவ்வெழுத்து மேலை நாடுகளில் ஓர் உரைநடைத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு பொருளை ஆராய்ந்து, அதன் நிறை குறைகளைத் தூக்கிப் பார்த்து, படிப்பவருக்கு ஒரு முடிவை வழங்குவதால் இதுவும் திறனாய்வின் ஒரு கிளையாகும். இலக்கியத் திறனாய்வில் நேரும் பிழைகள் அனைத்தும் இதிலும் நேர்கின்றன. விளைவில் மட்டும் வேறுபாடு உண்டு. தகுதியற்ற நாவலைத் தகுதியுடையதென்று நம்பியவர் சில மாலைப் பொழுதுகளை இழப்பார். பொருந்தாத வண்டியைப் பொருந்துமென்று நம்பியவர் பல ஆண்டுச் சேமிப்பை இழக்கலாம். சில வேளை அதற்கு மேலும் இழக்கலாம். எனவே இவ்வெழுத்தின் அளவுகோல் எது, அது நேர்மையாக வெளிப்படுத்தப்படுகிறதா என்று கேட்பது வீண்வேலை ஆகாது.

இரு விருப்பங்களின் கூட்டு

இவ்வினாவை ஆராய ‘ஸ்போர்ட் டூரிங்’ எனப்படும் வகையே மிகவும் ஏற்றது. பந்தய வண்டிகளை ஒட்டி அமைந்த மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவர் எரிபொருள் தொட்டியின்மீது கவிழ்ந்து, உடலின் எடையில் ஒரு பகுதியை மணிக்கட்டுகளில் தாங்கி அமர்கிறார். வளைவுகளில் அது விரைந்து சாய்ந்து விரைந்து நிமிரும். ஆயினும் ஓரிரு மணி நேரத்தில் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கும். நெடும்பயணத்துக்கென்றே அமைந்த வண்டியில் அகன்ற இருக்கையும் உயர்ந்த முன்கண்ணாடியும் பெரிய பெட்டிகளும் உண்டு. அதில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கலாம்; ஆனால் மலைப்பாதையின் குறுகிய வளைவில் அதன் பருமனே அதற்குப் பகையாகிவிடும். முன்னதன் விரைவையும் பின்னதன் தாங்கும் ஆற்றலையும் ஓர் உடலில் இணைக்க முயல்வதே ஸ்போர்ட் டூரிங் வகை.

இம்முயற்சியின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது 1976இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை. 980 சி.சி. இயந்திரமும் 70 குதிரைத்திறனும் கொண்ட அவ்வண்டியின் சிறப்பு, இயந்திரத்தைவிட அதைச் சூழ்ந்திருந்த காற்றுத் தடுப்பு உறையில்தான் இருந்தது. இத்தாலியிலுள்ள பினின்ஃபரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கப்பட்ட அவ்வுறை, விரைவாகச் செல்லும்போது எதிர்க்காற்றை ஓட்டுபவரின் மார்பிலும் தோளிலும் நேரே மோதவிடாமல் விலக்கியது. அதனால் உயர்ந்த வேகத்தை ஒரு கணம் தொட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், அதே வேகத்தில் நெடுந்தொலைவு செல்லவும் முடிந்தது. விரைவு என்னும் பண்பு பொறுமை என்னும் பண்போடு கைகோத்தது அங்கேதான் எனலாம்.

இவ்விணைப்பு ஒருபோதும் சரிநிகராக அமைவதில்லை. ஹோண்டா நிறுவனம் 1990இல் வெளியிட்ட இரு வண்டிகள் இதற்கு நல்ல சான்று. இரண்டிலும் ‘வி’ வடிவில் அமைந்த நான்கு உருளை இயந்திரமே இருந்தது. எஸ்.டி. 1100 என்னும் வண்டிக்கு 28 லிட்டர் கொள்ளும் எரிபொருள் தொட்டியும், பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டும் தரப்பட்டன. அதன் எடை 300 கிலோவை ஒட்டியது. வி.எஃப்.ஆர். 750 என்னும் வண்டியோ சங்கிலியால் இயங்கியது, எடையில் பல பத்துக் கிலோ குறைந்தது, வளைவுகளில் துள்ளியது. ஒரே நிறுவனம் ஒரே வினாவுக்கு ஒரே ஆண்டில் அளித்த இரு விடைகள் இவை. ‘இவற்றுள் எது சிறந்தது?’ என்று மட்டும் கேட்பவர் பாதி வினாவைத்தான் கேட்கிறார். யாருக்கு, எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு என்பன சேர்ந்தால்தான் வினா முழுமை பெறும்.

அரை மணி நேரம் காட்டுவதும் மறைப்பதும்

கடையிலிருந்து எடுத்த வண்டியை அரை மணி நேரம் ஓட்டுவதால் பல உண்மைகள் தெரியவரும். நின்ற நிலையில் இரு கால்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்பது ஏறி அமர்ந்த உடனே தெரிந்துவிடும். கிளச்சின் இறுக்கம், பிரேக்கை மெல்ல அழுத்தும்போது கிடைக்கும் உணர்வு, ஒடுங்கிய இடத்தில் முழு வட்டமாகத் திரும்பும்போது வண்டி காட்டும் பணிவு அல்லது முரண் ஆகியவை முதல் சில நிமிடங்களில் வெளிப்படும். முன்கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று தலைக்கவசத்தில் எங்கே மோதுகிறது என்பதும் விரைவுச் சாலையில் ஏறியவுடன் புலப்படும். இது முற்றிலும் ஓட்டுபவரின் உயரத்தைப் பொறுத்தது. ஒருவருக்கு அமைதியான நிழலாக இருக்கும் அதே கண்ணாடி, அவரைவிட உயரமான மற்றொருவருக்கு ஓயாத இரைச்சலாக இருக்கக்கூடும்.

தெரியாமல் போவனவும் பல. மூன்றாம் மணி நேரத்தில் இருக்கை எப்படியிருக்கும் என்பதை முதல் அரை மணி நேரம் கூறாது. பின்னால் ஒருவர் அமர்ந்து, பக்கப் பெட்டிகள் இரண்டும் நிரம்பியிருக்கும்போது அதே பிரேக் அதே தொலைவில் வண்டியை நிறுத்தாது. பின்புற அதிர்வுத் தாங்கி அச்சுமைக்கேற்ப இறுக்கப்படாவிட்டால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, வளைவில் வண்டி அகலப்போகும். பெட்டிகள் மாட்டிய வண்டியைப் பக்கக்காற்று தள்ளும் விதமே வேறு. சங்கிலிக்கு அடிக்கடி எண்ணெய் இடவும் இறுக்கம் பார்க்கவும் வேண்டும் என்பதும், சுழல்தண்டு அந்த வேலையை மிச்சப்படுத்தினாலும் எடையைக் கூட்டும் என்பதும், வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்க உறையின் பல பகுதிகளைக் கழற்ற நேரும் என்பதும் வெள்ளோட்டத்தில் உணரப்படாதவை. ஆனால் வண்டியோடு வாழப்போகும் ஆண்டுகள் இவற்றால்தான் நிரம்பியிருக்கும்.

இதழ்களில் வரும் ஆய்வறிக்கைகள் இக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் பல நாள் ஓட்டுகிறார்கள். எடையையும் நிற்கும் தொலைவையும் எரிபொருள் செலவையும் அளந்து தருகிறார்கள். நிறுவனம் கூறும் குதிரைத்திறன் இயந்திரத்தின் தண்டில் அளக்கப்பட்டதாகவும், பின்சக்கரத்தை எட்டும் ஆற்றல் அதைவிடக் குறைந்ததாகவும் இருப்பதை எடுத்துக்காட்டுகிறார்கள். இவை போற்றத்தக்க தொண்டுகள். எனினும் இவ்வறிக்கைகளின் வடிவத்திலேயே ஒரு குறை குடிகொண்டிருக்கிறது. நான்கைந்து வண்டிகளை ஒருசேர ஓட்டி, அட்டவணையிட்டு, புள்ளிகளைக் கூட்டி, ஒன்றுக்கு வெற்றி மாலை சூட்டுவது அவற்றின் வழக்கம். புள்ளி வழங்கியவரின் உயரம் என்ன, எடை என்ன, தனியே ஓட்டினாரா, பெட்டிகளில் ஏதேனும் இருந்ததா என்பவை பல அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. அளந்தவர் மறைந்துகொண்டு அளவை மட்டும் முன்னிறுத்துகிறார். அதனால் ஒருவரது உடலின் தீர்ப்பு எல்லாருக்கும் பொதுவான தீர்ப்பாகத் தோற்றமளிக்கிறது.

அளந்தவர் மறையாமல் எழுதினால் எழுத்து எவ்வாறு அமையும் என்பதை மூன்று எழுத்தாளர்களிடம் காணலாம்.

அஞ்சியவரின் அறிக்கை

அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் எஸ். தாம்சன் 1995இல் ‘சைக்கிள் வேர்ல்டு’ இதழில் எழுதிய ‘சாங் ஆஃப் தி சாசேஜ் கிரியேச்சர்’ என்னும் கட்டுரை, டுகாட்டி 900 என்னும் இத்தாலிய விரைவு வண்டியைச் சோதித்தவரின் அறிக்கை. பெயருக்குத்தான் அது அறிக்கை. அட்டவணை இல்லை, புள்ளிகள் இல்லை. அவ்வண்டி தன்னிடம் வந்தபோது மனத்தில் எழுந்த பேராசையும், அதன் ஆற்றலை உணர்ந்தபோது தோன்றிய அச்சமும், அந்த அச்சத்தையும் மீறி மிகுந்த வேகத்தில் தொடர்வண்டித் தண்டவாளத்தைக் கடக்க நேர்ந்த கணமும்தான் கட்டுரையின் உள்ளடக்கம். தலைப்பில் வரும் அருவருப்பான உருவம், விழுந்து தோலுரிந்த ஓட்டுநரைக் குறிப்பது. ஒவ்வொரு விரைவு வண்டிக்குப் பின்னும் அவ்வுருவம் காத்திருக்கிறது என்பதே கட்டுரையின் உட்கருத்து.

இக்கட்டுரையின் வலிமை அதன் நேர்மையில் இருக்கிறது. வண்டியைப் பற்றிக் கூறும் ஒவ்வொரு செய்தியும், விவேகத்தைவிடப் பரபரப்பை நாடுகின்ற, அதைத் தானே ஒப்புக்கொள்கின்ற ஒரு மனிதரின் வழியாக வருகிறது என்பதைப் படிப்பவர் மறக்க இயலாது. தம் அளவுகோலை அவர் மேசைமீது வைத்துவிட்டுத்தான் அளக்கிறார். ஆகவே அவரது முடிவை ஏற்காதவருக்கும் அக்கட்டுரை பயன்படுகிறது.

அதன் எல்லையும் தெளிவானதே. தாம்சனின் டுகாட்டியில் சுமை என்று எதுவும் இல்லை. அது எங்கும் போய்ச்சேர வேண்டியதில்லை; எவரையும் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. வேகம் வேகத்துக்காகவே நிகழ்கிறது. வெள்ளோட்டத்தின் இன்பமும் அச்சமும் இவ்வளவு உயிர்ப்போடு எழுதப்பட்ட இடங்கள் குறைவு. ஆனால் அது வெள்ளோட்டமாகவே தொடங்கி வெள்ளோட்டமாகவே முடிந்துவிடுகிறது.

பதினைந்து முட்டைகள்

டி. இ. லாரன்சின் ‘தி மின்ட்’ என்னும் நூல் அவர் மறைந்த பின் 1955இல் வெளிவந்தது. அரேபியப் பாலைவனப் போரால் உலகப் புகழ் பெற்றவர், பெயரை மாற்றிக்கொண்டு ஆங்கிலேய வான்படையில் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்த காலத்தின் பதிவு அது. அதில் ‘தி ரோடு’ என்னும் சிறிய இயல், மோட்டார் சைக்கிளைப் பற்றிய ஆங்கில உரைநடையில் தனியிடம் பெற்றது. லாரன்ஸ் ஓட்டியது நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிரஃப் செய்து விற்ற ‘பிரஃப் சுப்பீரியர்’ வண்டி. அந்நிறுவனம் 1924இல் அறிமுகப்படுத்திய எஸ்.எஸ். 100 என்னும் வண்டி மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டும் என்று செய்தவரே உறுதி கூறி விற்றார். வாங்குபவருக்காகச் செய்தவரே வெள்ளோட்டம் நடத்திச் சான்று தந்த காலம் அது.

அவ்வியலின் புகழ்பெற்ற பகுதி, லாரன்ஸ் சாலையிலிருந்தபடியே மேலே பறக்கும் ஒரு பிரிஸ்டல் போர் விமானத்தோடு போட்டியிடும் காட்சி. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவர். ஆயினும் அந்தப் பயணம் எதற்காக என்பதையும் லாரன்ஸ் எழுதியிருக்கிறார். லிங்கன் நகரில் பன்றியிறைச்சித் துண்டுகளும், நாட்டிங்ஹாமில் சாசேஜுகளும் வாங்குகிறார். அவை இருக்கைக்குப் பின்னாலுள்ள பக்கப் பைகளில் அடங்குகின்றன. அடுத்து நிறுத்துமிடத்தில் கம்பளித் தொட்டில்போல் அமைத்த பெட்டியில் பதினைந்து முட்டைகளும் ஏறுகின்றன. படைக் குடியிருப்பில் உடனுறையும் தோழர்களின் உணவுக்காகத்தான் இவ்வளவும்.

இயலின் உயிர் இந்தப் பதினைந்து முட்டைகளில்தான் இருக்கிறது என்று கூறுவது மிகையாகாது. விமானத்தோடு போட்டியிட்ட அதே வண்டி, அதே நாளில், முட்டை உடையாமல் வீடு திரும்ப வேண்டும். விரைவும் சுமையும் ஓர் உடலில் கூடுவதே ஸ்போர்ட் டூரிங் என்றால், அச்சொல் வழக்கிற்கு வருமுன்னரே லாரன்ஸ் அதன் இலக்கணத்தை எழுதிவிட்டார். 100 மைல் சான்று அவ்வண்டியின் ஆற்றலைக் கூறியது. அது எத்தகைய வண்டி என்பதை அந்த முட்டைப் பெட்டி கூறியது.

லாரன்சின் முடிவும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், டார்செட் பகுதியில், தந்தி அனுப்பிவிட்டுத் தம் குடிலுக்குத் திரும்பும் வழியில், மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலகியபோது அவர் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாட்களுக்குப் பின் உயிர் நீத்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் தேவையை 1941இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். எந்தச் சான்றும் எந்த வெள்ளோட்டமும் முன்கூட்டிக் காட்ட இயலாதது, சாலையில் எதிரே வரும் பிறரின் உயிர். தேர்வின் கணக்கில் அதுவும் ஒரு சுமையே.

பயணத்துக்கு எடுத்துச் சென்றவை

மூன்றாமவர் ராபர்ட் பெர்சிக். அவரது ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. மினசோட்டா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு 1968இல் தம் மகன் கிறிஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் சென்ற பயணமே நூலின் சட்டகம். அவர் ஓட்டியது 305 சி.சி. கொண்ட ஹோண்டா. இன்று அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. உடன் வந்த நண்பர் ஜானின் வண்டி பி.எம்.டபிள்யூ. ஆர் 60. இரண்டுமே ஸ்போர்ட் டூரிங் என்னும் பெயருக்கு முந்தியவை; முன்னதோ நெடும்பயணத்துக்குச் சிறியதென்று பலர் ஒதுக்கக்கூடியது.

இருவரின் வேறுபாட்டைப் பெர்சிக் ஒரு சிறு நிகழ்ச்சியால் காட்டுகிறார். ஜானின் வண்டியில் கைப்பிடி தளர்ந்து வழுக்குகிறது. பீர் டப்பாவின் அலுமினியத் தகட்டை வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் கதை சொல்பவர். அத்தகடு மென்மையானது, துருப்பிடிக்காதது, சரியான தடிமன் கொண்டது. ஜானுக்கோ அவ்யோசனையே அவமதிப்பாகப் படுகிறது. பழுது பார்க்கும் கவலை வேண்டாம் என்பதற்காகவே உயர்ந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறிய அவர் விரும்பவில்லை. வண்டியின் தரத்தை விலை கொடுத்து வாங்கியாயிற்று என்று அவர் நம்புகிறார். பெர்சிக்கின் பார்வையில், தரம் என்பது வாங்கிய பிறகும் நாள்தோறும் செய்யப்பட வேண்டியது.

நூலில் வரும் ஒரு பட்டியலும் கவனத்துக்குரியது. அடுத்த பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றை உடை, சமையல் பொருள், கூடாரப் பொருள், வண்டிக்குரிய கருவிகள் என்று வகுத்து அவர் எழுதிவைக்கிறார். படிக்கும் நூல்களும் அதில் உண்டு. பழுதுபார்க்கும் கையேட்டோடு தோரோவின் ‘வால்டன்’ நூலும் இடம்பெறுகிறது. அவசரப் படிப்பாளி தாண்டிச் சென்றுவிடும் பக்கங்கள் இவை. ஆனால் புதிய வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் எழுத வேண்டிய பக்கமும் இதுவே. எதைச் சுமக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகே எது தாங்கும் என்ற கேள்வி எழ முடியும். பெர்சிக்கின் ஹோண்டா சுமந்தவற்றுள் கனமானது மகனும் தந்தையும் ஒருவரையொருவர் அறியாதிருந்த நிலை. அப்பயணத்தின் பொருளே அந்தச் சுமைதான்.

முதல் உணர்வின் இடம்

இவ்வளவும் கூறியபின், அரை மணி நேர ஓட்டத்தின் உணர்வைப் புறக்கணித்துவிட்டுப் பட்டியலாலும் கணக்காலும் மட்டுமே வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு கட்டினால் அது தவறாகும். அத்தவற்றைத் தடுப்பவரும் பெர்சிக்தான். மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகரக் கல்லூரியில் அவர் எழுத்துக்கலை கற்பித்தவர். தரம் என்றால் என்னவென்று மாணவர்களைக் கேட்டார். ஒருவராலும் வரையறை கூற இயலவில்லை. ஆனால் மாணவர் கட்டுரைகளைப் படித்துக்காட்டி எது சிறந்தது என்று கேட்டபோது, பெரும்பாலோரின் தீர்ப்பு ஒத்துப்போயிற்று. வரையறுக்கத் தெரியாதவர்களும் தரத்தைக் கண்டவுடன் இனங்காண்கிறார்கள் என்பது அவருக்குப் பெரும் வியப்பைத் தந்தது. நூலின் தத்துவமே அவ்வியப்பிலிருந்து விரிகிறது.

வண்டியிலிருந்து இறங்கியவர் தலைக்கவசத்தைக் கழற்றுமுன்பே ‘இதுதான்’ என்று முடிவு செய்வது இதைப் போன்றதே. அந்த முடிவு மூடத்தனமன்று. கையும் முதுகும் காலும் நூற்றுக்கணக்கான சிறு செய்திகளைத் திரட்டி ஒருசேர அளித்த விடை அது. எந்த அட்டவணையும் அவ்வளவு செய்திகளைத் திரட்டிவிட முடியாது. உள்ளத்துக்குப் பிடிக்காத வண்டி எவ்வளவு பயன் தருவதாயினும் கொட்டகையிலேயே நின்றுபோகும் என்பதும் உண்மை.

குறை, அந்த உணர்வைத் தீர்ப்பு என்று கொள்வதில்தான் இருக்கிறது. முதல் உணர்வு வழக்கைத் தொடங்கி வைக்கும் சாட்சி. அதைக் கேட்ட பிறகு அடுத்த சாட்சிகளையும் அழைக்க வேண்டும். பின்னால் அமரப்போகும் வாழ்க்கைத் துணை ஒரு சாட்சி. மழைநாளும் மலைப்பாதையும் சாட்சிகள். அதே வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டியவரின் பட்டறிவு மற்றொரு சாட்சி. இயலுமானால் பெட்டிகளை நிரப்பி, பின்னால் ஒருவரை அமர்த்தி மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி. தாம்சனின் நேர்மையும் லாரன்சின் முட்டைப் பெட்டியும் பெர்சிக்கின் பட்டியலும் ஓரிடத்தில் சேரும்போதே தேர்வு முழுமை பெறுகிறது.

வகுப்பறைக்கு உரியது

தமிழ் ஆசிரியரும் மாணவரும் இதிலிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. போஸ்மன் கல்லூரியில் ஒரு மாணவிக்கு எதைப் பற்றி எழுதுவதென்றே தெரியவில்லை. நாட்டைப் பற்றி எழுதத் தொடங்கியவரை, ஊரைப் பற்றி எழுதுமாறும், பின் ஒரு தெருவைப் பற்றி எழுதுமாறும் ஆசிரியர் ஒடுக்கிக்கொண்டே வந்தார். ஒரு கட்டடத்தின் முகப்பில் இடப்புறத்து மேல்மூலைச் செங்கலிலிருந்து தொடங்கச் சொன்ன பிறகே அம்மாணவியின் எழுதுகோல் ஓடத் தொடங்கியது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாத இடத்துக்கு வந்ததும், சொந்தக் கண்ணால் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

மாணவர்களின் திறனாய்வுக் கட்டுரைகளில் ‘நடை எளிமையானது’, ‘கருத்து ஆழமானது’, ‘பாத்திரப் படைப்பு சிறப்பானது’ என்னும் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருவதை ஆசிரியர்கள் அறிவர். வாகன இதழில் வெற்றி மாலை சூட்டும் அறிக்கைக்கும் இவற்றுக்கும் வேறுபாடில்லை. படித்தவர் மறைந்திருக்கிறார். எந்தப் பக்கத்தில் மனம் தளர்ந்தது, எங்கே வேகம் கூடியது, இரண்டாம் முறை படித்தபோது எது கரைந்துபோயிற்று, எது நின்றது என்பவை அத்தொடர்களுக்குள் இல்லை. தேர்வுக்காக ஒருமுறை படித்த கதை வெள்ளோட்டமாகவே நின்றுவிடுகிறது. துயரத்தில், தனிமையில், பல ஆண்டுகளுக்குப் பின் அதே கதையை எடுத்துப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தாங்கும் என்பது தெரியவரும்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ந்து நம்புவது ஒன்று. அவரவர் தகுதிக்கேற்ற வினையை ஆராய்ந்து ஒப்படைப்பது மற்றொன்று. ஆட்களைப் பற்றிச் சொல்லப்பட்ட இவ்வரிசை ஊர்திக்கும் நூலுக்கும் பொருந்துகிறது. முதற்பணியோடு நின்றுவிடும் திறனாய்வு, பொருளின் ஆற்றலை மட்டும் சொல்லும். அப்பொருள் யாருக்கு எப்பணியில் துணைநிற்கும் என்று சொல்வதற்கு இரண்டாம் பணியையும் மேற்கொள்ள வேண்டும்.

வெறுந்தேர் நன்றாக ஓடிய நாளில் ஊரார் மகிழ்வது இயல்பு. ஆனால் வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் திருவிழா முடிந்ததென்று அன்று எவரும் வீடு திரும்புவதில்லை. திருமேனி ஏறி, வீதியெல்லாம் வலம்வந்து, தேர் மீண்டும் நிலைக்கு வந்து சேர்ந்த பின்னரே தச்சருக்கு மாலை சூட்டுகிறார்கள்.